கொடிமலை ஏறிய கரண்ட்

தீபாவளிக்கு முந்திய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஜார்ஜ்டவுனில் லோரோங் செராய் என்ற சந்தில் பக்கிரிசாமி குடியிருந்த வீட்டின் மின்சாரம் கொடிமலைக்குப் போய், பங்குனி முடியும் வரை அங்கேயே தங்கிவிட்டது. பக்கத்து வீடுகளில் கரண்ட் இருந்தது. எதிர் வரிசையில் இருந்தது. சந்து முனைச் சீனக் கோயிலில், யாருமே உட்காராத பின்கட்டில்கூட மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இந்த ஒரு வீட்டில் மட்டும் இல்லை. 'போய்விட்டது' என்று இங்கே எழுதினால் பக்கிரிசாமியின் மனைவி வடிவம்மாள் ஒப்புக்கொள்ளமாட்டார். அந்த வீட்டில் அப்படிப்பட்ட சொற்களுக்கு இடமில்லை. நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

பக்கிரிசாமி ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடும் ஃபெரியில் கயிறு வீசிக் கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் ஜனங்களை அக்கரைக்கு அனுப்பினாரே தவிர, அக்கரையில் ஒரு நாளும் படுத்து எழுந்ததில்லை. இயந்திரப் புகையும் சிகரெட்டும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டதால், டாக்டர்கள் ஓர் ஆக்சிஜன் மெஷினைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அது முன்னறை மூலையில் நின்று நாளெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும். சுவரிலிருந்து மெஷின் வரைக்கும் ஒரு வயர், மெஷினிலிருந்து அவர் மூக்கு வரைக்கும் ஒரு குழாய். இரண்டும் எட்டும் தூரம்தான் அவருடைய உலகம். முன்னால் வாசற்படி எல்லை, பின்னால் சமையலறைக் கதவு எல்லை. சந்து முனையில் இருக்கும் கோப்பிக்கடைக்கு ஒரு தடவை நடந்து போய்வர அவருக்கு ஆசை. குழாய் விடவில்லை.

மெஷின் வந்த அன்றே வடிவம்மாள் வீட்டில் சில சொற்களைத் தடை செய்தார். விளக்கை அணைக்கிறேன் என்று நம் வீடுகளில் சொல்வதில்லை. குளிர வைக்கிறேன் என்போம். தானாக அணைந்தாலும் 'மலையேறிடுச்சு' என்போம். வடிவம்மாள் இதை விளக்கோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சுவர்க் கடிகாரம் நின்றபோது அது 'களைச்சு உக்காந்திருக்கு' என்றார். பல்பு ஃபியூஸ் ஆனால் அது தூங்கியது. அரிசி தீர்ந்தால் நிறைந்தது. வாசலை விட்டு இறங்கும் யாரும் 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அவரும் யாரையும் 'போ' என்று அனுப்பியதில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவர், துணி விற்க வந்தவர், வாசலில் படுத்த பூனை, எல்லோருக்கும் 'போயிட்டு வா'தான். இதை நம்பி ஓர் இன்சூரன்ஸ்காரர் மாதாமாதம் வந்துகொண்டிருந்தார். பக்கிரிசாமி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், சிரித்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் வடிவம்மாளின் முகம் சுருங்கிவிடும். அந்த மனிதரின் மூச்சைச் சொற்களால் வேலி போட்டுக் காத்துக்கொண்டிருந்தார் அவர். கேலி செய்தவர்கள்கூட அவர் எதிரில் செய்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெரிய மழை. இடி இறங்கி, முனைக் கம்பத்தில் படார் என்று ஒரு சத்தம் கேட்டது. சந்து முழுவதும் கரண்ட் இல்லை. மெஷின் கீச்சென்று ஓர் ஒலி எழுப்பி அடங்கியது. வடிவம்மாள் ஆபத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டரைத் திறந்து, குழாயை மாற்றி, கணவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டார். மறுமுனையில் ஃபரா என்ற பெண், மலாயில், நல்ல மரியாதையாக, என்ன ஆயிற்று என்று விசாரித்தாள்.

இந்த இடத்தில்தான் சிக்கல் வந்தது. கரண்டுக்கு மலாயில் ஆப்பி என்பார்கள், நெருப்பு. அது இல்லையென்றால் 'ஆப்பி மாத்தி' என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று சந்தில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் மாத்தி என்றால் செத்துவிட்டது என்று அர்த்தம். எதிரே கணவர் சிலிண்டரில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல் வடிவம்மாளின் வாயில் வரவில்லை. தொண்டை வரை வந்து திரும்பிவிட்டது. நம் வழக்கத்தை அப்படியே மலாயில் எடுத்துப் போட்டார்.

"ஆப்பி சுடா நைக் புக்கிட்," என்றார். கரண்ட் மலையேறிவிட்டது.

ஃபரா கொஞ்சம் யோசித்தாள். வேலைக்குப் புதிது, எதையும் விடாமல் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். "புக்கிட் மானா, காக்?" எந்த மலை அக்கா, என்று கேட்டாள்.

"புக்கிட் பெண்டேரா லா!" என்று எரிந்து விழுந்தார் வடிவம்மாள். "வேற எந்த மலை இருக்கு இங்க?"

கொடிமலைக்கு மலாய்ப் பெயர் அது. ஃபரா நன்றி சொல்லி, சொன்னதைச் சொன்னபடி பதிந்துகொண்டாள். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் சந்து முழுவதும் கரண்ட் திரும்பிவிட்டது, பக்கிரிசாமி வீட்டைத் தவிர.

பக்கத்து வீட்டு ஹமீதா, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவரின் மனைவி, மழையோடு ஓடிவந்து தன் வீட்டிலிருந்து நீளமான வயரை ஜன்னல் வழியாக இழுத்தார். ஜன்னல் கட்டை வரை வயரில் உயிர் இருந்தது. உள்ளே வந்ததும் இல்லை. கைப்பேசிகள் வாசற்படியைத் தாண்டியதும் கறுத்தன. டார்ச் லைட் வெளியே எரிந்து உள்ளே தூங்கியது. மறுநாள் காலையில் மின்சார அலுவலகத்திலிருந்து இக்மல் என்ற இளைஞர் வந்தார். மீட்டரைத் திறந்தார், கூரை ஏறினார், கரண்ட் பார்க்கும் டெஸ்ட் பேனாவை வாசலுக்கு வெளியே வைத்துப் பார்த்தார், உள்ளே வைத்துப் பார்த்தார். பிறகு தன் கைப்பேசியில் புகாரைப் படித்துவிட்டு, லைனில் எந்தத் தப்பும் இல்லை, கரண்ட் மலைக்குப் போயிருப்பதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், அது சரியாகத்தான் இருக்கிறது என்றார். மலையிலிருந்து இறக்குவதற்கு அவரிடம் ஏணி இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் அவர் வருவதற்கு முன்பே பக்கிரிசாமி அங்கே இல்லை. சிலிண்டரை நம்பி எத்தனை நேரம் இருப்பது? அக்கரையில் செபராங் ஜெயாவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மகள் ரூபினி, செய்தி கேட்டதும் காரோடு வந்து, கடல் பாலத்தைத் தாண்டி அப்பாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே மெஷினைச் சுவரில் செருகியதும் அது ஒன்றும் நடவாதது போல உறுமியது.

வடிவம்மாளையும் மகள் கூப்பிட்டாள். அவர் வரவில்லை. கரண்ட் திரும்பி வரும்போது வீடு பூட்டிக் கிடந்தால் என்ன நினைக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. அந்த வரிசையில் காலியாகும் வீடுகளையெல்லாம் வீட்டுச் சொந்தக்காரர் சுண்ணாம்படித்து, சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டு வந்தார். இரண்டு வீடுகளில் ஏற்கெனவே துடைப்பக்கட்டைக்குக்கூட இடமில்லாமல் பூந்தொட்டிகள் வந்துவிட்டன. பக்கிரிசாமியே போனில் சொன்னார்: "நீ அங்கயே இரு வடிவு. ரெண்டு பேரும் கெளம்பிட்டா அது வீடா இருக்காது, வெறும் கதவா ஆயிடும்." கல்யாணமான நாள் முதல் ஒரே கூரைக்கடியில் இருந்த இருவருக்கும் நடுவே இப்போது கடல் கிடந்தது. அவரை அவருடைய வீட்டுக்கு, அவருடைய நாற்காலிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வடிவம்மாளுக்கு அந்த மாதங்களில் வேறு நினைப்பே இல்லை.

இருட்டில் வாழ்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்று சந்து கற்றுக்கொண்டது. வடிவம்மாளின் ஃபிரிட்ஜ் சந்து முழுக்கப் பரவியது. மீனும் இறைச்சியும் ஹமீதா வீட்டில், பால் டின் எதிர்வீட்டு வாத்தியார் வீட்டில், கீரையும் தோசை மாவும் சைவம் சாப்பிடும் சீனக் கிழவர் வீட்டில். ஒரு குழம்பு வைக்க வேண்டுமென்றால் மூன்று வாசல் ஏற வேண்டும், மூன்று வாசலிலும் பேச வேண்டும். சமையல் தாமதமாகும், ஆனால் சந்தில் யாருக்கு என்ன என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தேங்காயைச் சுவருக்கு மேலே நீட்டினால் சட்னியாகத் திரும்பி வரும். வெயில் நேரத்தில் ஈரத் துண்டை ஜன்னலில் கட்டிவிட்டு, நாற்காலியை வீட்டு முன் ஐந்தடி நடைபாதையில் போட்டுக்கொள்வார். கைப்பேசி அங்கே வேலை செய்யும். சாயங்காலமானால் அதில்தான் பக்கிரிசாமியோடு பேச்சு. மெஷின் உறுமும் வீட்டில் இருந்தவரை மாத்திரை, கஞ்சி, ஜன்னலைச் சாத்து என்பதற்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. இப்போது அவர் ஃபெரியில் பார்த்த மனிதர்களைப் பற்றிச் சொன்னார். இவர் சிறுவயதில் ஆயர் ஈத்தாமில் தொலைத்த கொலுசைப் பற்றிச் சொன்னார். போகிற வருகிறவர்கள் காதில் விழுந்தது. விழாத மாதிரி நடந்தார்கள்.

தீபாவளியன்று எல்லா வீட்டிலும் சீரியல் பல்புகள் மின்னின. வடிவம்மாள் வாசலில் அகல் விளக்குகளை மட்டும் வரிசையாக வைத்தார். காற்று அடித்தும் ஒன்றுகூட மலையேறவில்லை. நெருப்புக்கும் அந்த வீட்டுக்கும் சண்டை இல்லை என்பது அதில் தெரிந்தது. கோபித்துக்கொண்டது கரண்ட் மட்டும்தான்.

அது எந்த மலைக்குப் போயிற்று என்பதில் முதலில் ஒரு குழப்பம் வந்தது. நம்மவர்களுக்கு மலை என்றால் தண்ணீர்மலைதான், முருகன் இருக்கிறார், தைப்பூசம் நடக்கிறது. எனவே ஹமீதாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வடிவம்மாள் தண்ணீர்மலைக்குப் போனார். ஹமீதா அடிவாரத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருக்க, இவர் படியேறித் தேங்காய் உடைத்து விசாரித்தார். புதிதாக எந்த வெளிச்சமும் வந்து சேரவில்லை என்று குருக்கள் சொன்னார். கால் வீங்கியதுதான் மிச்சம். அன்று சாயங்காலம் இதைக் கேட்ட பக்கிரிசாமி போனில் நெடுநேரம் சிரித்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட எந்த மலைன்னு சொன்ன?"

"புக்கிட் பெண்டேரான்னேன்."

"அப்பறம் தண்ணீர்மலையில போயித் தேடுனா? நீ சொன்ன எடத்துக்குத்தானே அது போவும்! நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க."

"என்னைத் தவளைங்கிறீங்களா?" என்று கேட்டார் வடிவம்மாள். கேட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். சந்தின் மேற்குப் பக்கம், கூரைகளுக்கு மேலே கொடிமலை நீலமாக நின்றது. உச்சியில் ரயில் நிலையத்தின் விளக்குகள் வழக்கம்போல் எரிந்தன. அவற்றுக்கு இடப்புறம், மரங்களுக்கு நடுவே, தனியாக ஒரு வெள்ளை வெளிச்சம் மூன்று முறை கண்சிமிட்டிவிட்டு எரியத் தொடங்கியது. அவர் வீட்டு முன்னறை டியூப் லைட்டுக்கு அதே பழக்கம். ஸ்டார்ட்டர் பழையது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லி மாற்றாமல் விட்டது. "நம்ம லைட்டுங்க," என்றார் போனில். "நல்லாத்தான் இருக்கு. மேல உக்காந்து நம்மளத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

மறுநாளே மலை ரயிலில் ஏறிப் போய்ப் பார்த்தார். உச்சியில், பழைய பங்களாக்களுக்குப் போகும் பாதையோரம், ஒரு மரத்தின் கவட்டையில் அது உட்கார்ந்திருந்தது. வயர் இல்லை, கண்ணாடி இல்லை, வெறும் வெளிச்சம். மலைக்காரர்கள் அதற்குப் பழகிவிட்டிருந்தார்கள். ஐஸ் கச்சாங் விற்பவர் தன் ஐஸ் துருவும் இயந்திரத்தை மரத்தடிக்கு மாற்றியிருந்தார், செருகாமலே ஓடியது. சுற்றுலா வந்தவர்கள் கைப்பேசிகளைக் கிளையில் தொங்கவிட்டு, நிறைந்ததும் எடுத்துக்கொண்டார்கள். குரங்குகள் குளிர் காய்ந்தன. வடிவம்மாள் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். வீட்டில் அது யார் கண்ணிலும் படாமல் சுவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது, இங்கே எல்லோரும் அதை அண்ணாந்து பார்க்கிறார்கள், எப்படி வரும் என்று தோன்றியது.

இருந்தாலும் அழைத்தார். கோபித்துக்கொண்டு போன சம்பந்தியை அழைப்பது போல, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் மஞ்சளும் வைத்து அழைத்தார். அது அசையவில்லை. இன்னொரு தடவை போய் அதட்டினார். தைப்பூசம் முடிந்ததும் போய் அழுதார். சாமி வந்து ஆடியவருக்கு மலையேறிவிட்டால் உடுக்கை அடித்துத் திரும்ப இறக்குவார்கள் என்று யாரோ சொல்ல, உடுக்கைக்காரர் ஒருவரையும் கூட்டிப்போனார். உடுக்கைச் சத்தத்தில் குரங்குகள் ஓடின, வெளிச்சம் இன்னும் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. ஐஸ் கச்சாங்காரர் பாவப்பட்டு, ஒரு கிண்ணம் கொடுத்து, "அக்கா, அதுக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. விடுங்க லா," என்றார். ஒவ்வொரு தடவையும் வடிவம்மாள் வெறுங்கையோடு இறங்கி வந்து, மறுநாள் சாப்பாட்டுக் கேரியரோடு ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, செபராங் ஜெயாவுக்குப் போய்க் கணவருக்குப் பரிமாறிவிட்டு, மாலைக்குள் வீட்டுக்கு விளக்கேற்றத் திரும்பினார். மகள் வீட்டில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பக்கிரிசாமி அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து, தெரியாத கடலைத் தேடிக்கொண்டிருந்தார். உடம்பு ஒரு சுற்று இளைத்துவிட்டது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அவர் பார்த்த வரையில் இரண்டு கரையிலும் பச்சை இல்லை, தண்ணீர்தான் பச்சை.

பங்குனி மாதம் பாதியில் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். மரத் தளம், மரக் கூரை, மாதக் கணக்காக எண்ணெய் விளக்கு. ஒரு பொறி விழுந்தால் வரிசையே போய்விடும். மாதக் கடைசிக்குள் கரண்ட் வரவில்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "போயிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னார் வடிவம்மாள்.

கடைசி வாரம் வந்தது. வடிவம்மாள் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றத் தொடங்கியிருந்தார். அன்று ரூபினி போன் செய்தாள். மறுநாள் அவர்கள் அடுக்குமாடியில் பழுதுபார்ப்பதற்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்தப் போகிறார்கள், சிலிண்டருக்குச் சொல்லியிருக்கிறேன், பயப்பட வேண்டாம் என்றாள். பயப்பட வேண்டாம் என்று சொன்னால் பயப்படாமல் இருக்க முடியுமா? சிலிண்டர் வரும் வண்டி தாமதமானால்? வால்வு இறுகிக்கொண்டால்? கையில் இருந்த பித்தளைச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே கிளம்பி, பஸ் பிடித்து, மலை ரயில் ஏறினார். தாம்பாளம் இல்லை, பழம் இல்லை. மரத்தடியில் போய் நின்று, நேராக அண்ணாந்து பார்த்துப் பேசினார். ஐஸ் கச்சாங்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இந்தா பாரு. ஒன்ன நான் வீட்டுக்குக் கூப்புட வரல. அந்த மனுசன் இல்லாத வீட்டுல நீ வந்து யாருக்கு வெளிச்சம் காட்டப் போற? வீடு எனக்கு வேணாம். நாங்க காலி பண்றோம். நாளைக்கி அங்க பிளாட்டுல கரண்டு இருக்காதாம். எனக்கு அவரு மூச்சுதான் வேணும். கோவம் எல்லாம் என்மேலதானே? அவரு ஒனக்கு ஒண்ணும் பண்ணலயே. நீ அவருகிட்டப் போ..."

அங்கே நாக்கு நின்றது. யாரையும் 'போ' என்று அனுப்பிப் பழகாத நாக்கு. மிச்சத்தைத் தானாகச் சேர்த்துக்கொண்டது.

"...யிட்டு வா," என்று முடித்தார்.

தான் என்ன சொன்னோம் என்பதை அவர் கவனிக்கவில்லை. இறங்கும் ரயிலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டுப் பெண் ஒரு டிஷ்யூ கொடுத்தாள்.

மறுநாள் நடந்ததைப் பல பேர் பார்த்திருக்கிறார்கள், சொல்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. காலையில் இறங்கிய முதல் மலை ரயிலில் கடைசி இருக்கை காலியாக இருந்தும் யாரும் அதில் உட்காரவில்லை, அவ்வளவு வெளிச்சமாக இருந்தது. மலையடியில் இருக்கும் ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த பஸ்ஸில் குளிர்சாதனம் வழக்கத்தைவிட அதிகமாகக் குளிர்ந்தது. ஃபெரியில் மேல்தளத்து விளக்குகள் பட்டப்பகலில் தாமாக எரிந்தன. கயிறு கட்டுகிறவர்கள் அது யார் வீட்டு வெளிச்சம் என்று தெரிந்துகொண்டு, கயிற்றைப் பதமாக இறுக்கி, படகை ஆட்டாமல் கரையில் சேர்த்தார்கள். செபராங் ஜெயாவில் சொன்னபடி கரண்டை நிறுத்தினார்கள். மெஷின் அடங்கியது. சிலிண்டர் அருகில்தான் இருந்தது. ரூபினி வால்வில் கை வைத்த நொடியில் மெஷின் மறுபடியும் உறுமத் தொடங்கியது. அவள் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். அப்போதும் உறுமியது.

பக்கிரிசாமி எழுந்து நின்றார். பிளக்கைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பிறகு மெஷினை மகள் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் தூக்கி வைக்கச் சொல்லி, இழுத்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். குழாய் தடுக்கவில்லை. வாசலைத் தாண்டினார். அப்போதும் தடுக்கவில்லை.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?" என்று ரூபினி பின்னாலேயே ஓடினாள்.

"ஒங்கம்மா இதுகிட்ட என்னமோ சொல்லி அனுப்பியிருக்கா," என்றார். "வந்தது ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. திரும்பணும் திரும்பணும்னு இழுக்குது. வா, வீட்டுக்கு."

கட்டடம் முழுவதும் கரண்ட் இல்லாத நேரத்தில் லிஃப்ட் அவருக்காக மட்டும் கதவைத் திறந்து, அவரையும் மகளையும் கீழே இறக்கிவிட்டு மூடிக்கொண்டதை அந்த அடுக்குமாடிக்காரர்கள் இன்றும் கொஞ்சம் பொறாமையோடு சொல்வார்கள். மகள் காரில் போகலாம் என்றாள். அவர் கேட்கவில்லை. ஃபெரியில்தான் போவேன் என்றார். பயணியாக, வேடிக்கை பார்த்துக்கொண்டு, மூக்கில் குழாயும் கையில் தள்ளுவண்டியுமாக, கடல் காற்றில் நின்றபடியே இந்தக் கரைக்கு வந்தார். கூட வேலை பார்த்த ஒருவர் மரியாதைக்காகக் கயிற்றின் நுனியை அவர் கையில் கொடுத்தார். அவர் அதைத் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

லோரோங் செராயில் வடிவம்மாள் கடைசிப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சிலிண்டர் வந்ததா என்று மகளைக் கேட்கப் பலமுறை வாசலுக்குப் போய்ப் போன் போட்டும் எடுக்கவில்லை. ஃபெரிக் காற்றில் ரூபினிக்கு மணி கேட்கவில்லை. உள்ளே வந்து, எதையாவது செய்துகொண்டிருந்தால் நல்லது என்று கயிற்றை இறுக்கினார். தலைக்கு மேலே ஏதோ ஒன்று மினுங்கியது. மின்னல் என்று நினைத்தார். மறுபடி மினுங்கியது. மூன்றாவது தடவை மினுங்கி, டியூப் லைட் எரிந்தது. கூரையில் ஒட்டடை படிந்த மின்விசிறி முனகிக்கொண்டே ஒரு சுற்று சுற்றி, தூசியை அவர் தலையில் கொட்டியது. வெறும் ஃபிரிட்ஜ் குலுங்கிக் கண்விழித்தது. வடிவம்மாள் எதையும் பார்க்கவில்லை. சந்து முனையிலிருந்து ஓர் உறுமல் கேட்டது. அந்த உறுமலை அவர் தூக்கத்திலும் அடையாளம் சொல்வார். வாசலுக்கு ஓடினார்.

தெருவில் நின்றவர்களெல்லாம் வழிவிட, பக்கிரிசாமி தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு, தன் காலால், மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் ரூபினி. அவர் கடந்துவந்த வீடுகளில் வாசல் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பிரகாசமாகி அடங்கின. ஹமீதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கிய பக்கிரிசாமி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன வடிவு, மூட்டை கட்டியிருக்க? எங்க?"

"எங்கயும் இல்ல," என்றார் வடிவம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பாத்திரத்துக்குத் தூசி தட்டுறேன்."

போயிட்டு வா என்று சொன்னதன் பாதியைத்தான் அவர் நினைத்திருந்தார். கரண்ட் முழுவதையும் கேட்டிருந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் மாதக் கடைசியில் வந்து, எரியும் விளக்கைப் பார்த்துவிட்டு, சந்தோஷம் என்று சொல்லித் திரும்பினார். இக்மல் வந்து டெஸ்ட் பேனாவை எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்து, சுவரில் கரண்ட் இல்லை, ஐயாவிடம்தான் இருக்கிறது, ஆனால் ஆபத்து ஒன்றும் இல்லை, நல்ல கரண்ட் என்று சான்று சொன்னார். சில நாள் கழித்து ஃபரா போன் செய்தாள். அவளுடைய புகார் இன்னும் முடிக்கப்படாமல் கிடந்ததாம். இறங்கிவிட்டதா அக்கா, என்று மலாயில் கேட்டாள். "டா துருன்," இறங்கிவிட்டது, என்றார் வடிவம்மாள். அவள் உளமார மகிழ்ந்து புகாரை முடித்துவைத்தாள். கொடிமலையில் ஐஸ் கச்சாங்காரர் மறுபடியும் தன் இயந்திரத்தைச் சுவரில் செருகிக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து இரண்டு தீபாவளி கடந்துவிட்டது. டாக்டர்கள் பக்கிரிசாமியைப் பார்க்கும்போதெல்லாம் நடப்பது நல்லது என்கிறார்கள், அவரும் நடக்கிறார். உடம்பு தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. மெஷின் வேண்டும், குழாய் வேண்டும். வயர் மட்டும் வேண்டாம். காலையில் கோப்பிக்கடை, வெள்ளிக்கிழமை கோயில், நினைத்தால் ஃபெரி. தள்ளுவண்டிக்குப் புதுச் சக்கரம் போட்டாயிற்று. வயரைச் சுருட்டி வடிவம்மாள் பரண்மேல் வைத்திருக்கிறார்.

பக்கிரிசாமி வெளியே போனால் கரண்டும் கூடவே போய்விடும் என்பதால், அந்த நேரத்தில் வீட்டில் மின்விசிறி ஓடாது. அதை யாரும் ஒரு குறையாகப் பேசுவதில்லை. வாசலில் நின்று வடிவம்மாள், "போயிட்டு வாங்க," என்று சொல்லி அனுப்புவார். 'வாங்க' என்றது கணவருக்கான மரியாதையா, இரண்டு பேருக்கும் சேர்த்தா என்று கேட்டால், ரெண்டுந்தான் என்பார். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, வெளிச்சம் வரும் பக்கமாக உட்கார்ந்து கீரை ஆய்வார். டியூப் லைட் மூன்று முறை கண்சிமிட்டினால் அவர் சந்து முனையில் திரும்பிவிட்டார் என்று அர்த்தம். வடிவம்மாள் எழுந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பார்.